15,349 கிலோமீட்டர்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். இணையத்தில் எந்தத் தூரக் கணக்கியில் போட்டுப் பார்த்தாலும் இதை ஒட்டிய எண்தான் வரும். அதற்குக் கீழே ‘பயண நேரம்’ என்று இன்னொரு எண்ணும் இருக்கும். தூரத்தை மணிக்கு 900 கிலோமீட்டர் மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்து, பதினேழரை மணி நேரம் என்று காட்டும். முதல் எண்ணைத் தாராளமாக நம்பலாம். இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது சிங்கப்பூரில். தம்பி நியூஜெர்சியில். அப்பாவும் அம்மாவும் லால்குடி பக்கம் ஒரு கிராமத்தில். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது எங்கள் வீட்டில் பல வருடங்களாகப் பேசிப் பேசிப் பழகிய விஷயம். பேசப் பேசத்தான் அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் தூரம். இதைக் கணினி இல்லாமல் நாமே கணக்குப் போட்டுவிடலாம், அதில் ஒரு தனி சந்தோஷம் இருக்கிறது. சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க் மேற்குத் தீர்க்கரேகை 74 பாகையில். இரண்டையும் கூட்டினால் 178. இன்னும் 2 பாகை இருந்திருந்தால் 180 ஆகி, இரண்டு ஊரும் உலக உருண்டையில் நேர் எதிரெதிர்ப் பக்கத்துக் கோடுகளில் அமைந்திருக்கும். அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவில் மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேர் வடக்கில் இருக்கிறது. வட துருவம் வரை ஏறிப் போய் அந்தப் பக்கம் இறங்கவேண்டும். சிங்கப்பூர் இருப்பது வடக்கு அட்சரேகை 1.4 பாகையில் என்பதால் அங்கிருந்து துருவத்துக்கு 88.6 பாகை. நியூயார்க் இருப்பது 40.6-இல், ஆக துருவத்திலிருந்து அதற்கு 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,345 வரும். கணினி சொல்வதற்கும் நம் கணக்குக்கும் நான்கு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை என்று மனப்பாடம் செய்தபோது, இது ஒருநாள் தம்பி வீட்டுத் தூரத்தை அளக்க உதவும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் ஆசையாகப் படித்திருப்பேன்.

சுவரில் மாட்டும் உலகப் படத்தைப் பார்த்தால் இது நம்பும்படியாக இருக்காது. அதில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் இந்தியாவும் ஐரோப்பாவும் அட்லாண்டிக் கடலும் விரிந்து கிடக்கும். உருண்டையைத் தட்டையாக்கியதில் வடக்கு இழுபட்டு, துருவம் என்ற ஒரே ஒரு புள்ளி படத்தின் மேல் விளிம்பு முழுவதும் நீண்டுவிடுகிறது. மேஜை மேல் வைக்கும் உலக உருண்டையை எடுத்து, சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையை வைத்து நியூயார்க் வரை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சீனா, மங்கோலியா, சைபீரியா என்று ஏறி, துருவத்தை முந்நூறு கிலோமீட்டருக்குள் உரசிவிட்டு, கனடா வழியாகக் கீழே இறங்கும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்பதால் எந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சுமார் 20,000-க்கு மேல் தூரம் இருக்க முடியாது. அந்த உச்சத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் நானும் தம்பியும் இருக்கிறோம்.

சரி, விமானம் அந்த நூல் பிடித்த வழியில் போகிறதா? பெரும்பாலான நாட்களில் போவதில்லை. துருவத்துப் பக்கம் வெளிக்காற்றின் குளிரில் எரிபொருள் சில நேரம் உறைநிலையை நெருங்கிவிடும். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். அவசரமாக இறங்கத் தோதான விமான நிலையங்கள் அங்கே குறைவு. அண்டக் கதிர்வீச்சும் கூடுதல். இவற்றுக்கெல்லாம் ஏற்பாடு செய்துகொண்டு துருவத்தைத் தாண்டும் விமானங்கள் உண்டு. ஆனால் இந்தத் தடத்தில் வழியைத் தீர்மானிப்பதில் முதல் குரல் காற்றுக்குத்தான்.

ஊரில் என் தாய்மாமா ஒருமுறை கேட்டார்: “பூமிதான் மேற்கிலிருந்து கிழக்கே சுத்துதே, விமானம் மேல ஏறி சும்மா நின்னா அமெரிக்கா கீழ வந்துடாதா?” நல்ல கேள்வி. பூமி சுழலும்போது அதைச் சுற்றியுள்ள காற்றும் கூடவே சுழல்கிறது. விமானம் மிதப்பது அந்தக் காற்றில்தான், அதனால் பூமி கீழே நழுவிப் போகக் காத்திருக்க முடியாது. ஆனால் அந்தக் காற்றுக்குள்ளேயே ஒரு ஓட்டம் இருக்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, குறுகலாக, வேகமாக ஓடும் காற்று. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்கிறார்கள். பூமி சுழல்வதும் அதற்கு ஒரு காரணம் என்பதால், மாமா கேட்டது உண்மைக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1920-களில் தடெனோ என்ற இடத்து ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எவ்வளவு வேகமாகக் கிழக்கே ஓடுகின்றன என்று கருவியால் பின்தொடர்ந்து குறித்தார். தன் கண்டுபிடிப்பு உலகம் முழுக்கப் போய்ச் சேரவேண்டும் என்று நினைத்து, அதை எஸ்பெராண்டோ மொழியில் 1926-இல் வெளியிட்டார். எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட மொழிதான், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. கண்டுபிடிப்பும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1944-இல் ஜப்பான் மீது உயரத்தில் பறந்து குண்டு போடப் போன அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறின. அதே காற்றை நம்பி ஜப்பான் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான வெடிகுண்டு பலூன்களை அமெரிக்காவை நோக்கி விட்டது. போருக்குப் பயன்பட்ட அந்தக் காற்றுதான் இன்று பசிபிக்கைத் தாண்டும் ஒவ்வொரு பயணிக்கும் நேரம் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது. ஓயிஷியின் பெயரை எந்த விமான நிலையத்திலும் நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசை.

குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய வானில் இந்த ஓட்டம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொடும் நாட்கள் உண்டு. காற்றோடு ஒப்பிட்டால் விமானத்தின் வேகம் எப்போதும் போல 900-தான். காற்றும் அதே திசையில் ஓடினால் தரையை வைத்துப் பார்க்கும் வேகம் 1,100, 1,200 ஆகிவிடும். அதனால்தான் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பல நாட்களில் நேர் வடக்கை விட்டுவிட்டு, ஜப்பான் பக்கம் போய், பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவையோ கனடாவையோ தாண்டி நியூயார்க் போகிறது. அந்த வழியில் தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆனாலும் முதுகில் காற்று இருப்பதால் எரிபொருளும் நேரமும் மிச்சம்.

திரும்பி வரும்போது நடப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. போன வழியே வந்தால் அதே காற்று முகத்தில் அடிக்கும். இரண்டு ஊர்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் எந்தப் பக்கமாக வந்தாலும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே நியூயார்க்கிலிருந்து புறப்படும் விமானம் பல நாட்களில் மறுபடியும் கிழக்கே திரும்பி, அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து சிங்கப்பூர் வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் உலகையே ஒரு சுற்று சுற்றியிருப்போம்!

நள்ளிரவை ஒட்டிச் சாங்கியிலிருந்து கிளம்பும் விமானத்தில் போனால் ஒரு முழுப் பகலையும் சுருக்கிக் காட்டுவார்கள். விளக்கை அணைத்து, ஜன்னல் திரைகளை இறக்கி, எல்லோரையும் தூங்கச் சொல்லிவிடுவார்கள். நான் திரையை இரண்டு விரல் அளவு தூக்கிவைத்துப் பார்ப்பேன். கண்ணாடியின் உள்ளடுக்கில், அந்தச் சின்னத் துளையைச் சுற்றி, உறைபனி பூப்பூவாகப் படிந்திருக்கும். ஜப்பானைத் தாண்டும் சமயம் வெளுக்கும். குளிர்காலமாக இருந்தால் சூரியன் தலைக்கு மேல் ஏறவே ஏறாது. இறக்கைக்கு அந்தப் பக்கம் தொடுவானத்தை ஒட்டியே நகர்ந்து, சில மணி நேரத்திலேயே மஞ்சளாகி, சிவந்து, மறைந்துவிடும். மறுபடியும் இருட்டு. விடியும் முன்னே நியூயார்க். ஏறும்போது வியாழக்கிழமை இரவு என்றால் இறங்கும்போது வெள்ளிக்கிழமை அதிகாலை. கடிகாரத்தைப் பார்த்தால் ஏழெட்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது; உடம்பைக் கேட்டால் பதினெட்டு என்று சொல்லும். கோடையில் இரண்டு ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம், கடிகார முள்ளை நகர்த்தவே வேண்டாம். குளிர்காலத்தில் பதின்மூன்று.

இந்தத் தடத்தில் நிற்காமல் பறப்பது முதலில் 2004 ஜூனில் தொடங்கியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், நியூஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்துக்கு, நான்கு என்ஜின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தில். முதலில் 181 இருக்கைகள். எரிபொருள் விலை ஏற ஏற, 2008-இல் அதை முழுக்க பிசினஸ் வகுப்பாக்கி 100 இருக்கையாகக் குறைத்தார்கள். அப்படியும் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஐந்து வருடம் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே நேரடி விமானம் கிடையாது. நூலைப் பிடித்து அளந்தால் தூரம் அதே 15,349. ஆனால் அந்த ஐந்து வருடமும் தம்பி எனக்கு ஐந்தாறு மணி நேரம் தள்ளிப் போயிருந்தான்.

ஏன் கட்டுப்படியாகவில்லை என்பதற்குக் காரணம் எடை. நீண்ட தூரம் பறக்க நிறைய எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். 2018 அக்டோபரில் மறுபடி தொடங்கியபோது வந்தது ஏ350-900-இன் மிக நெடுந்தூர வகை. இரண்டே என்ஜின், உடலிலும் இறக்கையிலும் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவை. தொட்டிகள் நிறைந்தால் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். லிட்டருக்கு 800 கிராம் என்று வைத்தால் 132 டன். விமானம் தரையைவிட்டு எழும்பும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்! அதற்கு ஈடுகட்ட அதில் 161 இருக்கைகள் மட்டும்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமியே கிடையாது. 2020 நவம்பரில் கென்னடி நிலையத்துக்கும் தொடங்கினார்கள். அப்போது அதில் வந்தது வழக்கமான ஏ350-900, எகானமியும் இருந்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வழி திறந்தது அப்போதுதான். நான்கு விமானிகள் முறை வைத்து ஓட்டுகிறார்கள். அட்டவணையில் பதினெட்டரை, பதினெட்டே முக்கால் என்று போட்டிருப்பார்கள். காற்று நன்றாக இருந்த நாளில் பதினேழு மணி நேரத்தை ஒட்டி இறங்கியதும் உண்டு.

நிற்காமல் பறப்பதில் எவ்வளவு மிச்சம் என்பதற்குப் பிராங்பர்ட் வழியாகப் போகும் விமானத்தைப் பார்த்தால் போதும். சிங்கப்பூர்–பிராங்பர்ட் சுமார் 10,270 கிலோமீட்டர், பிராங்பர்ட்–நியூயார்க் சுமார் 6,200. மொத்தம் நேர்வழியைவிட 1,100 கிலோமீட்டர்தான் கூடுதல், நூற்றுக்கு ஏழு பங்கு. நேரமோ இருபத்து நான்கு மணியை ஒட்டிப் போகும். ஐந்து மணி நேரம் எங்கே போனது? இறங்குவதற்காக வேகம் குறைப்பது, ஓடுபாதையிலிருந்து வாசல் வரை ஊர்ந்து வருவது, பாதுகாப்புச் சோதனை, எரிபொருள், மறுபடி ஏறி உயரம் பிடிப்பது. கூடவே, அட்லாண்டிக்கை மேற்கே கடக்கும்போது எதிர்க்காற்று.

சென்னையை எடுத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரியும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் சுமார் 13,470 கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூரைவிட சென்னை நியூயார்க்குக்கு 1,900 கிலோமீட்டர் பக்கம்! பலரிடம் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்கள். ஆனால் நேரடி விமானம் இல்லாததால் சென்னையிலிருந்து போகிறவர் இருபத்தோரு மணி, இருபத்து மூன்று மணி என்று பயணம் செய்கிறார். துபாய் வழியாகப் போனால் வழிகூட அதிகம் வளைவதில்லை. 2,900-உம் 11,000-உம் சேர்த்து 13,900-தான். நேரம் போவது முழுக்க நடுவில் இறங்கி ஏறுவதில்.

வானத்தில் கோடு கிழிப்பவர்களும் நேரத்தைத் தீர்மானிக்கிறார்கள். 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியபோது, ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமானது. பின்லாந்தின் ஃபின்னேர் விமானங்கள் ஒரு திசையில் போகும்போது வட துருவத்தின் மேலேயே சுற்றிக்கொண்டு பறந்தன. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிப் போகவேண்டியதாகி, சில பயணங்களில் எரிபொருளுக்காக வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி ஏறின. எந்த ஊரும் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. பயணம் மட்டும் நீண்டுகொண்டே போனது.

இதையெல்லாம் நான் ஆர்வத்துக்காக மட்டும் படித்தேன் என்று சொல்லமுடியாது. அம்மா போன அன்று இந்தக் கணக்கு எங்கள் வாசலுக்கே வந்தது.

அம்மா தவறியது இரவு பத்து மணிவாக்கில். எனக்குத் தகவல் வந்தபோது சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. தம்பிக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். நான் காலையில் கிளம்பிய முதல் விமானத்தில் திருச்சிக்கு வந்துவிட்டேன், நான்கு மணி நேரப் பயணம். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். கொள்ளி அவன்தான் வைக்கவேண்டும். நூவர்க்கிலிருந்து காலையில் கிளம்பும் சிங்கப்பூர் நேரடி விமானம் போய்விட்டது, கென்னடியிலிருந்து இரவில் கிளம்புவதில் இடமில்லை. ஆக, வானத்தில் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் வழி அன்று அவனுக்கு உதவாத வழி. வளைகுடா வழியாகச் சென்னைக்கு டிக்கெட் போட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: “எப்ப எடுக்குறீங்க?” அதற்குப் பதில் என் கையிலிருந்த போனில், ஒரு சின்ன மஞ்சள் விமானமாக நகர்ந்துகொண்டிருந்தது. மாமா கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் வந்து நிற்பார். “ஏம்மா, தம்பி எங்க வர்றான் இப்போ?” நான் திரையைப் பார்த்து, “கருங்கடல் தாண்டிட்டான் மாமா” என்பேன். அவர் வெளியே போய்ப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் “கருங்கடல் தாண்டியாச்சாம்” என்பார். துபாயில் பல வருடம் வேலை பார்த்த பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், “அங்க வந்துட்டா போதும், அப்புறம் சென்னைக்கு நாலு மணி நேரம்தான்” என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். காற்று அவன் பக்கம் இருந்தது. மேற்கே போகும்போது பதினான்கு மணி நேரம் எடுக்கும் அந்தப் பயணம், கிழக்கே வரும்போது பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். தரைவேகம் ஆயிரத்துக்கு மேல் காட்டியதைப் பார்த்து அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு நிம்மதி.

ஆனால் விமானம் நியூயார்க்கில் கிளம்பும்போதே தாமதமாகியிருந்தது. காற்று கொடுத்த நேரம் அதை ஈடுகட்டப் போதவில்லை. அவன் வாசலுக்கு ஓடி வந்தபோது சென்னை விமானத்தின் கதவை மூடிவிட்டார்கள். அடுத்தது பல மணி நேரம் கழித்து. கெஞ்சிப் பார்த்திருக்கிறான். அம்மா இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறான். கதவை மூடினால் திறக்கமுடியாது என்பதற்கான காரணங்கள் எனக்கும் தெரியும்; தெரிந்தாலும் மனம் ஆறவில்லை. இங்கே ஐஸ் பெட்டிக்காரர் வாசலில் நின்று, “பெட்டி நாளைக்கும் இருக்கட்டுங்களா?” என்று மெல்லக் கேட்டார். கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று ஜெனரேட்டருக்குச் சொல்லிவைத்தார்கள். அப்பா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவன் சென்னையில் இறங்கிக் காரில் ஏறினான். அதற்குப் பிறகு மாமாவுக்கு என் போன் தேவைப்படவில்லை. கருங்கடல் என்றபோது தலையாட்டி மட்டும் கேட்டுக்கொண்டவர், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்றதும் கணக்கைத் தானே எடுத்துக்கொண்டார். “பெரம்பலூர் தாண்டிட்டானா? அப்ப ஒரு மணி நேரந்தான். குளிப்பாட்ட ஏற்பாடு பண்ணுங்க” என்று எழுந்தார். 

அந்தப் பயணத்தில் தம்பி வானத்தில் இருந்தது பதினேழு மணி நேரம்கூட இல்லை. மீதியெல்லாம் தரையில்: இருக்கை தேடியது, விமான நிலையத்துக்குப் போனது, கிளம்பாத விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தது, அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தது, குடியேற்ற வரிசை, நெடுஞ்சாலை. தூரத்தை வேகத்தால் வகுக்கும் எந்தக் கணக்கியிலும் இது வராது.

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். தொழில்நுட்பம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு, முழுக்கப் பெண் விமானிகள் ஓட்டிய ஏர் இந்தியா விமானம் துருவத்தின் பக்கமாகப் பறந்து, நிற்காமல் வந்து இறங்கியது. அந்தத் தூரம் 14,000 கிலோமீட்டர். சென்னை–நியூயார்க் அதைவிடக் குறைவு. சிட்னியிலிருந்து லண்டனுக்கு 17,000 கிலோமீட்டரை நிற்காமல் கடக்க ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் தனியாக ஏ350-1000 விமானங்களையே செய்யச் சொல்லியிருக்கிறது. விமானம் நிறையுமா, பிசினஸ் வகுப்பில் உட்கார ஆள் இருக்கிறார்களா என்பதுதான் சென்னைக்குத் தடையாகச் சொல்லப்படுகிறது. பெரிய விமானத்தில் இல்லாவிட்டாலும், வாரத்துக்கு மூன்று நாளாவது ஓட்டிப் பார்க்கலாம். நியூஜெர்சியின் எடிசன் பக்கம் ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் போய் நின்றால் தெரியும், அந்த விமானத்தில் ஏற எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று.

அதுவரைக்கும் எங்களுக்கு நாங்களே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். விமான அட்டவணைகள் வருடத்துக்கு இரண்டு தடவை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறுகின்றன. மாறியதும் தம்பியும் நானும் போனில் உட்கார்ந்து பட்டியலைத் திருத்துவோம். ஊரிலிருந்து எத்தனை மணிக்குத் தகவல் வந்தால் அவன் எந்த விமானத்தைப் பிடிக்கலாம், அது தப்பினால் அடுத்தது எது, நடுவில் எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டால் கதவு மூடாது, திருச்சியில் இறங்குவதா சென்னையில் இறங்கிக் காரில் வருவதா என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த வருடம் சிங்கப்பூர் வழியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறோம்: மாலையில் சாங்கியில் இறங்கினால் இரவு திருச்சி விமானம் கிடைக்கும், நானும் அவனோடு அதிலேயே ஏறிக்கொள்ளலாம். அப்பாவுக்கு எண்பத்திரண்டு ஆகிறது.